ஓவியர்களுக்கு ஓர் ஊர் அமைத்தவர்

தெருச் சுவர்களில் வரைந்திருக்கும் சித்திரங்களைச் சுற்றிப் பார்ப்பது இன்று பெரிய நகரங்களில் ஒரு புதிய பொழுதுபோக்கு. பத்துப் பதினைந்து பேர் ஒன்று சேருகிறார்கள். வழிகாட்டி ஒருவர் முன்னால் நடக்கிறார். ஒவ்வொரு சுவரின் முன்னும் நின்று, அதை வரைந்தவர் யார், ஏன் வரைந்தார் என்று விளக்குகிறார். கால் வலித்தால் நடுவில் எங்காவது உட்கார்ந்து டீ, காபி, இளநீர் குடிக்கிறார்கள். மேல்நாடுகளில் மதுவும் உண்டு. பிறகு அடுத்த தெரு.

சென்னையின் தென் பகுதியில் இப்படிக் கலையைத் திறந்த வெளியில் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர். அங்கே அடுக்குமாடி வீடுகளின் பெரிய பெரிய சுவர்களில் 2020-ம் ஆண்டில் ஓவியர்கள் படம் வரைந்தார்கள்.

மற்றொன்று அதைவிட மிகவும் பழமையானது. தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே போனால் கடற்கரைச் சாலை வரும். அங்கே வடக்கே திரும்பிச் சிறிது தூரம் போனால் இஞ்சம்பாக்கம். அந்த ஊரில்தான் சோழமண்டலம் கலைஞர் கிராமம் இருக்கிறது.

மரங்களின் நிழலில் கருங்கல் சிற்பங்கள் நிற்கின்றன. செம்பையும் இரும்பையும் வளைத்துச் செய்த உருவங்கள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. பக்கத்திலேயே அவற்றைச் செய்தவர்களின் வீடுகள். ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கித் தாங்களே அமைத்துக்கொண்ட ஊர் அது.

அந்த ஊர் உண்டாவதற்குக் காரணமானவர் கே.சி.எஸ். பணிக்கர். வறுமை காரணமாக ஒரு காலத்தில் படிப்பை விட்டவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். பிறகு சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக உயர்ந்தவர். அவருடைய கதை இது.

பசுமை நிலத்துப் பிள்ளை

பணிக்கர் 1911-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி கோயம்புத்தூரில் பிறந்தார். முழுப்பெயர் கோவலேழி சீரம்பத்தூர் சங்கரன் பணிக்கர். குடும்பம் மலபாரைச் சேர்ந்தது. இன்று கேரளத்தில் இருக்கும் மலபார், அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

பள்ளிக்கூடம் போகும் வயதில் அவர் மலபாரில் வளர்ந்தார். கால்வாய், தென்னந்தோப்பு, வயல், தோணி. எங்கே திரும்பினாலும் பச்சை நிறம். பார்த்ததை எல்லாம் காகிதத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கம் சிறுவனுக்கு இருந்தது. 12 வயதிலேயே இயற்கைக் காட்சிகளை நன்றாக வரையும் திறமை வந்துவிட்டது.

17 வயதில், சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. மீசை முளைக்கும் வயதில் கிடைத்த அந்தப் பெருமை சாதாரணமானது அல்ல. ஆனால் பெருமையைக் கொண்டு அரிசி வாங்க முடியாதே!

தந்தி இலாகாவில்

குடும்பத்தில் கஷ்டம் வந்தது. 22-வது வயதில் பணிக்கர் படிப்பை நிறுத்தினார். குடும்பத்தைக் காப்பாற்றத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார்.

தந்தி என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அவசரச் செய்தியைக் கம்பி வழியாகத் தட்டி அனுப்பும் முறை அது. பிறப்பு, இறப்பு, உத்தியோக உத்தரவு எல்லாம் தந்தியில்தான் வரும். 2013-ம் ஆண்டில் இந்தியாவில் தந்தி சேவை நிறுத்தப்பட்டது. 1930-களில் அது மதிப்புள்ள உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம் உறுதி.

ஆனால் தூரிகை பிடித்த கைக்கு அந்த உத்தியோகம் போதவில்லை. 25-வது வயதில், அதாவது 1936-ம் ஆண்டில், பணிக்கர் சென்னை அரசாங்கக் கலைத் தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மற்றவர்கள் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தும் வயதில், அவர் மீண்டும் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஓர் இளைஞன் கலையை விட்டுவிட்டு வயிற்றுக்காக வேலைக்குப் போவது எப்படிப்பட்டது என்பதை அவர் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. தாமே அனுபவித்தார். பின்னால் அவர் செய்த பெரிய காரியத்துக்கு இதுதான் விதை.

கலைப் பள்ளி

அவர் சேர்ந்த பள்ளிக்கூடம் சாமானியமானது அல்ல. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-ம் ஆண்டில் அதைத் தொடங்கினார். ஓவியம், சிற்பம் மட்டும் அல்ல. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை முதலிய கைத்தொழில்களும் அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டன. இந்தியாவில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழில், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பள்ளியின் பட்டறையில்தான் தொடங்கியது. நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் அந்தப் பள்ளிக்கும் அப்படி ஓர் உறவு!

பணிக்கர் சேர்ந்தபோது அங்கே தலைமை வகித்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. வங்காளத்தைச் சேர்ந்தவர். அந்தப் பள்ளிக்குத் தலைவராக வந்த முதல் இந்தியர். சென்னை மெரினா கடற்கரையில் நான்கு தொழிலாளர்கள் ஒரு பாறையை நெம்பித் தள்ளும் சிலை இருக்கிறது அல்லவா? அந்த உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். காசு கொடுக்காமல், கதவு தட்டாமல், கடற்கரைக்குப் போகிற எவரும் பார்க்கலாம். கலை வீதிக்கு வந்து நிற்க வேண்டும் என்பதற்கு அது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

1940-ம் ஆண்டில் பணிக்கர் படிப்பை முடித்தார். அடுத்த ஆண்டே அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1944-ம் ஆண்டில், இளம் ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு 'முற்போக்கு ஓவியர் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தென்னாட்டில் ஓவியர்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்த காலம் அது. ஒன்றாக நின்றால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும் என்று அவர் கருதினார்.

கடல் கடந்து

1954-ம் ஆண்டில் பணிக்கர் ஐரோப்பாவுக்குச் சென்றார். லண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியக் கண்காட்சிகள் நடந்தன. அங்கே உள்ள பெரிய ஓவியர்களின் படைப்புகளை நேரில் பார்த்தார்.

வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் அங்கே கண்டதை இங்கே அப்படியே செய்வது வழக்கம். பணிக்கருக்கு நேர்ந்தது வேறு. மேல்நாட்டு ஓவியத்தை எவ்வளவு நன்றாகப் பின்பற்றினாலும் அது இரவல் சட்டைதான் என்ற எண்ணம் அவருக்குப் பலப்பட்டது. இந்திய ஓவியன் ஒருவன் வரைந்தது என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும். அதே சமயம் பழைய கோவில் சித்திரத்தை அப்படியே நகல் எடுத்ததாகவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் தேடினார். நிறம் குழைத்து வரைந்த இயற்கைக் காட்சிகளில் இருந்து மெல்ல மெல்ல விலகி, கோடுகளுக்கு முதல் இடம் கொடுத்தார்.

1957-ம் ஆண்டில் ராய் சவுத்ரி ஓய்வு பெற்றார். பணிக்கர் பள்ளியின் முதல்வர் ஆனார். தந்தி இலாகாவை விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்த மாணவர், 21 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பள்ளியின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கணக்கு நோட்டு தந்த யோசனை

அவர் தேடிய வழி ஒரு கணக்கு நோட்டில் இருந்து வந்தது என்றால் நம்ப முடிகிறதா?

ஒரு மாணவரின் கணக்கு நோட்டு தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. எண்கள், எழுத்துகள், முக்கோணம், வட்டம், கூட்டல் குறி, சமக் குறி. மற்றவர்களுக்கு அது வெறும் கணக்கு. பணிக்கருக்கோ அது ஒரு சித்திரமாகத் தெரிந்தது. பொருள் என்ன என்று பார்க்காமல் வடிவத்தை மட்டும் பார்த்தால், ஒரு பக்கம் முழுவதும் அழகான கோலம் போல இருந்தது.

1963-ம் ஆண்டில் அவர் ஒரு புதிய ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதற்குச் 'சொற்களும் சின்னங்களும்' என்று பெயர். முதலில் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கணக்குக் குறிகளும் அதில் வந்தன. பிறகு மலையாள எழுத்தைப் போன்ற வரிகள் வந்தன. ஜாதகக் கட்டங்கள் வந்தன. மீன், பறவை போன்ற உருவங்களும் இடையிடையே வந்தன.

அந்த எழுத்துகளை வாசிக்க முயன்றால் வாசிக்க முடியாது. வாசிக்க வேண்டியதும் இல்லை. பழைய ஓலைச்சுவடியையோ, பாட்டி வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஜாதகத்தையோ எடுத்துப் பார்க்கும்போது, எழுத்துப் புரியாவிட்டாலும் மனதில் ஓர் உணர்ச்சி உண்டாகிறது அல்லவா? அந்த உணர்ச்சிதான் அந்த ஓவியங்களின் பொருள். இந்திய ஓவியத்தில் பணிக்கரின் பெயரை நிலைக்கச் செய்தது இந்த வரிசைதான்.

வயிற்றுப்பாடு

பணிக்கருக்குப் பதவி இருந்தது. மாதச் சம்பளம் இருந்தது. புகழும் இருந்தது. ஆனால் அவருடைய மாணவர்களுக்கு?

ஆண்டுதோறும் திறமையான பிள்ளைகள் பள்ளியை முடித்து வெளியே வந்தார்கள். அவர்கள் வரைந்த ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க அந்நாளில் சென்னையில் ஆள் குறைவு. சிலர் விளம்பரக் கம்பெனிகளில் சேர்ந்தார்கள். சிலர் பள்ளிக்கூடங்களில் டிராயிங் வாத்தியார் ஆனார்கள். சிலர் கலைக்குச் சம்பந்தமே இல்லாத உத்தியோகத்துக்குப் போனார்கள். படித்த படிப்பு பெட்டியில் தூங்கியது.

தம் இளமையில் நடந்ததே தம் மாணவர்களுக்கும் நடப்பதைப் பணிக்கர் பார்த்தார். இதற்கு என்ன வழி என்று ஆசிரியரும் மாணவர்களும் கூடி யோசித்தார்கள்.

அரசாங்கத்திடம் உதவித் தொகை கேட்கலாம். பணக்காரர்களின் தயவை நாடலாம். பணிக்கர் இந்த இரண்டையும் நம்பி உட்காரவில்லை. ஓவியனுக்குக் கை இருக்கிறது. அந்தக் கையால் ஒரு தொழில் செய்து வயிற்றைக் கழுவிக்கொள்ளட்டும். மீதி நேரத்தில் தன் மனம் விரும்பியதை வரையட்டும். யாருக்காகவும் தன் ஓவியத்தை மாற்ற வேண்டியது இல்லை. இதுதான் அவர் கண்ட வழி.

கைத்தொழில் செய்தால் கலைஞனின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தச்சரும் கொல்லரும் நெசவாளரும் வளர்த்த நாட்டில் அந்த எண்ணம் தவறு என்பது பணிக்கரின் கொள்கை. கோவில் சிலைகளைச் செய்த கைகளும் உளியைப் பிடித்து உழைத்த கைகள்தானே?

மெழுகும் சாயமும்

அவர்கள் முதலில் கையில் எடுத்த தொழில்களில் முக்கியமானது 'பாத்திக்'. துணியில் மெழுகைக் கொண்டு சித்திரம் தீட்டும் முறை அது.

உருக்கிய மெழுகைத் தூரிகையில் தொட்டு, துணியில் வேண்டிய இடத்தில் தடவுவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடத்தில் ஏறும். இன்னொரு நிறம் வேண்டுமானால், மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால் சித்திரம் வெளிப்படும். காய்ந்த மெழுகில் விரிசல் விழுந்தால், அதன் வழியாகச் சாயம் புகுந்து மெல்லிய நரம்பு போன்ற கோடுகள் உண்டாகும். ஒரு துணியைப் போல் இன்னொரு துணி இருக்காது.

1960-களின் தொடக்கத்தில், ஓவியர்கள் செய்த பாத்திக் துணிகள் விற்பனைக்கு வைக்கப்பட்டன. ஓவியத்தை வாங்கத் தயங்கியவர்கள் துணியை வாங்கினார்கள். கையில் காசு சேர்ந்தது. ஓவியர் கைத்தொழில் சங்கம் ஒன்று உருவாயிற்று. அந்தச் சங்கத்தின் பெயரில் நிலம் வாங்குவது என்று முடிவாயிற்று.

மணலில் எழுந்த ஊர்

இஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டி எட்டுப் பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. மணலும் சவுக்குமாக இருந்த இடம். நகரத்து வசதிகள் அங்கே எட்டிப் பார்க்காத காலம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று இரவு பகலாக ஓடும் கார்களும், வரிசையாக நிற்கும் பங்களாக்களும் அப்போது இல்லை. சுற்றிலும் மீனவர் குப்பங்கள்தான்.

1966-ம் ஆண்டில் அங்கே கலைஞர் கிராமம் பிறந்தது. கடற்கரை நாட்டுக்குச் சோழர் காலத்தில் இருந்த பழம்பெயரான 'சோழமண்டலம்' என்பதே ஊரின் பெயர் ஆயிற்று. முப்பது நாற்பது கலைஞர்கள் இந்த முயற்சியில் சேர்ந்தார்கள். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று பல இடத்துப் பிள்ளைகள். பேசும் மொழி வேறு. பிடித்த தூரிகை ஒன்று.

முதலில் ஓலைக் குடிசைகள்தான். அதிலேயே படுக்கை, அதிலேயே பட்டறை. பகலில் சில மணி நேரம் கைத்தொழில். பாத்திக், செம்புத் தகட்டு வேலை, மண் வேலை என்று அவரவருக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். மீதி நேரத்தில் அவரவர் ஓவியம், அவரவர் சிற்பம். விற்ற பொருளின் விலையில் ஒரு பங்கு சங்கத்தின் பொது நிதிக்கு. அதில் இருந்து ஊரின் செலவுகள் நடந்தன. படங்களை வைக்கக் கூடம், நாடகமும் நாட்டியமும் நடத்தத் திறந்தவெளி அரங்கம் ஆகியவை பின்னர் ஏற்பட்டன.

இது எளிதாக நடந்துவிடவில்லை. நாலு கலைஞர்கள் ஒரு வீட்டில் இருந்தாலே நாற்பது அபிப்பிராயம் வரும். இங்கே நாற்பது கலைஞர்கள். வெளிநாடுகளில் இப்படித் தொடங்கிய எத்தனையோ கலைஞர் கூட்டங்கள் சில ஆண்டுகளில் கலைந்து போயின. சோழமண்டலத்திலும் சிலர் விலகிப் போனார்கள். ஓவியர் விசுவநாதன் 1968-ம் ஆண்டில் பாரிசுக்குப் போனார். எஸ்.ஜி. வாசுதேவ் 20 ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்து, 1988-ம் ஆண்டில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். அவர்கள் போன இடத்திலும் புகழ் பெற்றார்கள்.

ஆனால் ஊர் கலையவில்லை. அதற்குக் காரணம் நிலம் அவர்களுடையது, சோறும் அவர்களுடையது. யாரோ கொடுத்த இடத்தில் யாரோ போட்ட சோற்றைத் தின்றிருந்தால், கொடுத்தவர் கையை மடக்கிய அன்றே ஊர் காலியாகி இருக்கும். பத்து ஆண்டுகளுக்குள், பலருடைய ஓவியங்களும் சிற்பங்களும் நல்ல விலைக்கு விற்கத் தொடங்கின. கைத்தொழிலின் துணை இல்லாமலே அவர்களால் வாழ முடிந்தது.

கடைசி நாட்கள்

1967-ம் ஆண்டில் பணிக்கர் கலைப் பள்ளி முதல்வர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் நகரத்தில் வசதியான வீடு பார்த்துக்கொள்ளவில்லை. மாணவர்களை மணலுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மாடியில் இருக்கும் ஆசிரியர் அல்ல அவர். சோழமண்டலத்திலேயே வாழ்ந்தார். அங்கேயே வரைந்தார். எழுத்துகளும் கட்டங்களும் நிறைந்த அவருடைய ஓவியங்கள் அங்கே தொடர்ந்து உருவாயின.

1976-ம் ஆண்டில், கலைஞர்களுக்கு அளிக்கப்படும் பெரும் கவுரவமான லலித் கலா அகாடமியின் 'பெல்லோ' என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1977-ம் ஆண்டு ஜனவரியில், அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 65.

அவருடைய ஓவியங்களைக் கொண்ட தனிக் கூடம் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. அவருடைய மகன் நந்தகோபாலும் புகழ் பெற்ற சிற்பி. செம்பைத் தட்டி, இணைத்து, தெய்வ உருவங்களைப் புது முறையில் செய்தவர். தந்தை அமைத்த ஊரிலேயே வாழ்ந்து, 2017-ம் ஆண்டில் மறைந்தார். சென்னை ஓவியர்களின் படைப்புகளைச் சேர்த்து வைக்கும் அருங்காட்சியகம் 2009-ம் ஆண்டில் சோழமண்டலத்தில் திறக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

விட்டுச் சென்ற பாடம்

சவுக்குத் தோப்பு இருந்த இடம் இன்று விலை மதிப்பில்லாத மனை. ஊரை அமைத்த முதல் தலைமுறைக் கலைஞர்களில் பலர் மறைந்துவிட்டார்கள். என்றாலும் ஊர் நிற்கிறது. சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வருகின்றன. கல் உருவத்தைத் தொட்டுப் பார்க்கிற குழந்தைக்கு, அதைச் செய்தவர் பட்ட பாடு தெரியாது. தெரிய வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சுவரிலும் சிலேட்டிலும் ஓயாமல் படம் எழுதும் பிள்ளை ஒன்று பல வீடுகளில் இருக்கிறது. இதனால் சோறு கிடைக்குமா என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. பணிக்கரும் அதை அலட்சியம் செய்யவில்லை. கலைக்காகப் பட்டினி கிட என்று அவர் எந்த மாணவனுக்கும் உபதேசம் செய்யவில்லை. வயிற்றுக்காகக் கலையை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை.

ஒரு கையில் தொழில், ஒரு கையில் தூரிகை. இரண்டையும் பிடித்துக்கொண்டு தலை நிமிர்ந்து வாழலாம் என்று காட்டினார். பேச்சில் அல்ல, மணலில் ஓர் ஊரையே எழுப்பிக் காட்டினார்.